வேலையா, மூச்சா? கேள்வியே மோசடி!

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வாயிற் கூட்டம். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்த தொழிலாளர்களிடம் ஒரு மனுவில் கையெழுத்துக் கேட்டோம். கோரிக்கைகள் மூன்றே மூன்று. புகைபோக்கியின் வடிகட்டி இரவிலும் ஓட வேண்டும். உலையடியில் நிற்பவர்களுக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை நடத்த வேண்டும். பக்கத்துக் கிராமத்துக் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்ட வேண்டும்.

கூட்டத்திலிருந்து ஒரு வாலிபர் முன்னால் வந்தார். பழைய இரும்பை உருக்கும் உலையில் காண்டிராக்ட் தொழிலாளி. முகமெல்லாம் கரி. அவர் கேட்டார்:

“தோழரே! புகை வேண்டாம், தூசு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். சரி. நாளைக்கே கம்பெனிக்காரன் பூட்டைப் போட்டுவிட்டு, தடாவைத் தாண்டி ஆந்திராவுக்குப் போய்விட்டால் என் பிள்ளைகளுக்குச் சோறு நீங்கள் போடுவீர்களா?”

யாரும் சிரிக்கவில்லை. பலர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அன்று மனுவில் விழுந்த கையெழுத்துக்கள் பதினொன்று.

அந்த வாலிபரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவன் கேட்கும் கேள்வியை அலட்சியம் செய்கிறவன் தொழிலாளிக்குத் தோழன் ஆகமாட்டான். ஆனால் அன்று அந்த வாயிலில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. முழுப் பதிலை இங்கே சொல்ல முயல்கிறேன்.

மே தினம் பிறந்த ஊரிலிருந்து ஒரு சாட்சி

சிகாகோ என்றதும் நமக்கு மே தினம் நினைவுக்கு வரும். 1886-ல் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் ரத்தம் சிந்திய நகரம் அது. அந்நகரின் தென்கிழக்கு மூலையில், ஏரிக் கரையோரம், உருக்காலைகள் வரிசையாக நின்றன. நம்முடைய மணலி, எண்ணூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1937 மே 30 அன்று, ரிபப்ளிக் ஸ்டீல் ஆலையை நோக்கி ஊர்வலம் சென்ற தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேர் மாண்டனர். சங்கம் வேண்டும் என்று கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம்.

அந்த வட்டாரத்தில் விஸ்கான்சின் ஸ்டீல் என்று ஓர் ஆலை. 1980 மார்ச் 28 அன்று திடீரென்று கதவு மூடப்பட்டது. சுமார் 3,400 பேர் தெருவில் நின்றனர். கடைசிச் சம்பளத்துக்குக் கொடுத்த செக்குகள்கூட பாங்கியிலிருந்து பணமில்லாமல் திரும்பி வந்தன. அப்படி வேலையிழந்தவர்களில் ஒருவரின் மகளுக்கு அப்போது வயது 14. பெயர் கிறிஸ்டின் வாலி.

அந்தப் பெண் உதவித்தொகையில் படித்தார், முன்னேறினார். இன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மானிடவியல் பேராசிரியை. மானிடவியல் என்றால், ஜனங்களோடு கூட இருந்து அவர்கள் வாழும் வகையை ஆராயும் சாஸ்திரம். நம்மிடமும் இப்படிப் பலர் வருகிறார்கள். குடிசை வாசலில் உட்கார்ந்து ஐம்பது கேள்வி கேட்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். போகிறார்கள். பிறகு அவர்களுக்குப் பட்டம் கிடைக்கிறது. நமக்கு அந்தப் புத்தகம்கூடக் கிடைப்பதில்லை. இந்த அம்மையாரோ தம் சொந்தக் குடும்பத்தையே ஆராய்ந்தார். தம் தகப்பனாருக்கு நேர்ந்தது என்ன, யார் செய்தது என்று தேடினார். அந்த விவரங்களை 2013-ல் ‘எக்ஸிட் ஜீரோ’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டார்.

அவர் தொகுத்த விவரம் நமது வாலிபரின் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது.

யார் மூடினார்கள்?

ஆலைகள் மூடியபோது அமெரிக்கப் பொருளாதார மேதைகள் என்ன சொன்னார்கள்? இது காலத்தின் போக்கு, பழைய தொழில் போகும், புதிய தொழில் வரும், யாரும் தடுக்க முடியாது என்றார்கள். மழை பெய்வது போலவும் இலை உதிர்வது போலவும் ஆலை மூடுகிறதாம்!

இந்தக் கதையைத்தான் வாலி மறுக்கிறார். மூடுவது என்பது ஆட்கள் எடுக்கும் முடிவு. எடுப்பவனுக்கு முகவரி உண்டு. விஸ்கான்சின் ஸ்டீலின் பழைய முதலாளியான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, 1977-ல் அந்த ஆலையை, அதன் பென்ஷன் பாரத்தோடு சேர்த்து, உருக்குத் தொழிலே அறியாத ஒரு சிறு கம்பெனியின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மூன்றே ஆண்டில் ஆலை விழுந்தது.

இந்த வித்தை நமக்கு என்ன புதிதா? பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகள், நம் பாட்டன்மார் பி அண்டு சி மில் என்று சொன்னவை, 1996-ல் மூடப்பட்டன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். அம்பத்தூர் டன்லப் டயர் ஆலை நின்றது, ஓடியது, மறுபடி நின்றது. 2013-ல் கம்பெனியையே கலைக்கும்படி கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். மறைமலைநகரில் போர்டு கம்பெனி 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது.

தோழரே, இப்போது நான் உம்மைக் கேட்கிறேன். பின்னி மில்லை மூடியது எந்தக் கிராமத்தானின் மனு? டன்லப்பை மூடியது எந்த மீனவனின் வழக்கு? நோக்கியா வாயிலில் புகை வேண்டாம் என்று யார் கொடி பிடித்தார்கள்? ஒருவரும் இல்லை! லாபக் கணக்கு சரிவரவில்லை, போனார்கள். நீர் வாயை மூடிக்கொண்டு புகையைக் குடித்தாலும், கணக்கு மாறுகிற அன்று அவன் போவான். உம் மௌனத்துக்காக அவன் ஒரு நாள்கூட அதிகம் தங்கமாட்டான்.

போவதற்கு வழியும் அகலமாகிவிட்டது. முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடுவதற்கே சர்க்கார் அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்திவிட்டது. பாதிப் பேரைக் காண்டிராக்ட் கணக்கில் எழுதி 300-க்குக் கீழே நிற்பது முதலாளிக்குக் கஷ்டமா?

ஆலை போயிற்று, விஷம் போகவில்லை

சிகாகோவின் கதை மூடியதோடு முடியவில்லை. ஆலை போயிற்று; சம்பளம் போயிற்று; கடைகள் போயின. ஆனால் பல ஆண்டுகள் மண்ணில் கொட்டிய கழிவு போகவில்லை. வேலையற்ற ஊர்தானே, எதைக் கொட்டினாலும் கேட்கமாட்டார்கள் என்று வெளியூர்க் குப்பையையும் அங்கே கொண்டுவந்து நிரப்பினார்கள். வாலியின் தகப்பனார் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வாலிக்கே இளம் வயதில் புற்றுநோய் வந்தது. இது எந்த ஆலையின் எந்தப் புகை என்று நிரூபித்துக் காட்ட முடியாத நிலையையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். முதலாளிக்கு இந்த நிரூபிக்க முடியாமைதான் கவசம். லாபத்துக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. நம் நுரையீரலுக்கு எவன் கணக்கு வைத்தான்?

அப்படி வேலை இழந்து வாடிய அந்த ஊர் ஜனங்கள் பிற்காலத்தில் செய்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். சிகாகோவின் பணக்காரப் பகுதியில் ஜெனரல் அயர்ன் என்ற பழைய இரும்பு உடைக்கும் ஆலை இருந்தது. அங்கேயுள்ள சீமான்களுக்குத் தூசு பிடிக்கவில்லை. அதைத் தென்கிழக்குப் பகுதிக்கு மாற்றத் திட்டமிட்டார்கள். வேலை வரும் என்று ஆசை காட்டினார்கள். ஊர் மறுத்தது. 2021-ல் ஒரு மாத காலம் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2022 பிப்ரவரியில் நகர நிர்வாகம் அனுமதியை மறுத்தது. வேலையின் அருமையை அந்த ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் எது? அந்த ஊரே, விஷத்தோடு கட்டிக் கொடுக்கும் வேலை வேண்டாம் என்றது!

பிராங்க் லம்ப்கின் காட்டிய வழி

மூடிய ஆலையின் தொழிலாளிகள் அழுதுகொண்டே கலைந்து போனார்களா? பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் நடக்கும். விஸ்கான்சின் ஸ்டீலில் நடக்கவில்லை. பிராங்க் லம்ப்கின் என்ற கறுப்பினத் தொழிலாளி முன்னால் நின்றார். குத்தகை நிலத்தில் உழைத்த ஏழை விவசாயியின் மகன், கம்யூனிஸ்ட். ‘எங்கள் வேலையைக் காப்பாற்று’ என்ற கமிட்டியை அமைத்தார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோக்காரர் எல்லோரையும் ஒரே கொடியின் கீழ் சேர்த்தார். வாராவாரம் கூட்டம், ஊர்வலம், வழக்கு. 1988-ல் பழைய முதலாளி கம்பெனியின் வாரிசான நேவிஸ்டாரிடமிருந்து 1 கோடியே 48 லட்சம் டாலர் வாங்கினார்கள். அதோடும் விடவில்லை, மிச்சத்துக்காக 1990-களிலும் போராடினார்கள்.

முதலாளி கையைக் கழுவிக்கொண்டு போக முடியாது என்பதை அந்தத் தொழிலாளிகள் காட்டினார்கள். தனித்தனியாகச் செக்கை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் ஒரு டாலர்கூடக் கிடைத்திராது.

சங்கம் இங்கே, கிராமம் எங்கே?

வாலி முதலில் ஆராயப் போனது சிகாகோவை அல்ல. ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டுக் கடலில் மாபியா என்ற தீவு. வெளியார் வெடி வைத்து மீன் பிடித்துப் பவளப் பாறைகளை நாசம் செய்ததால், தீவு ஜனங்களே பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். 1995-ல் கடல் பூங்கா வந்தது. வந்தபின் நிர்வாகம் அதிகாரிகள் கையிலும் அயல்நாட்டு நிபுணர்கள் கையிலும் போயிற்று. கேட்ட ஜனங்களே ஓரம் தள்ளப்பட்டார்கள். கடலைக் காப்பாற்றுகிறேன் என்றாலும் சரி, ஆலையை மூடுகிறேன் என்றாலும் சரி, அங்கே வாழ்கிறவனைக் கேட்காமலே முடிவெடுக்கிறார்கள். இரண்டு கண்டங்களிலும் அவர் கண்ட நோய் ஒன்றுதான்.

நம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைப் பாருங்கள். அனல்மின் நிலையங்களின் சாம்பல் ஆற்றில் படிந்து மேடாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதை அள்ளியவர்கள் யார்? வலையும் படகும் நாசமான அதே மீனவர்கள், வாளியும் கையுமாக! அதே மாதம் 26-ந் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட்டபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள்.

இனி நம் வாசலுக்கே வருவோம். கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகை. மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், ஏரிக்கு மழைநீர் வரவும் உதவிய பொது நிலம், ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதை நம்பி வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர்கள். சிப்காட் அந்த நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கியது. பிரான்ஸ் நாட்டு மிச்லின் டயர் கம்பெனி வந்தது. கிராமம் போராடியது.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. 2012-ல் தேர்வாய் கிராமச் சங்கம் பிரான்ஸ் சர்க்காரின் அமைப்பிடம் அந்தக் கம்பெனி மீது முறையிட்டபோது, பிரான்ஸ் நாட்டுத் தொழிற்சங்கமான சி.ஜி.டி.யும் கூடவே கையெழுத்திட்டது! அந்தத் தொழிலாளர்களுக்கு முதலாளியைத் தெரியும். 1999-ல் லாபம் உயர்ந்தது என்று அறிவித்த கையோடு ஐரோப்பாவில் 7,500 பேரைக் குறைப்பதாகச் சொன்ன கம்பெனி அது. 2024 நவம்பரில் ஷோலே, வான் என்ற இரண்டு ஊர்களின் ஆலைகளை மூடுவதாகவும் அறிவித்தது. 1,254 பேரின் வேலை. இங்கே மேய்ச்சல் நிலத்தை இழந்தவனும் அங்கே வேலையை இழந்தவனும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். அந்த முறையீடு வெற்றி பெறவில்லை. 2013-ல் கிராமத்தாரும் கூட இருந்தவர்களும் அதிலிருந்து விலகினார்கள். ஆனால் கையெழுத்து கையெழுத்துதான்.

கடல் கடந்த தொழிலாளி தேர்வாய்க்காகக் கையெழுத்துப் போட்டான். நாம் எத்தனை வாயிற் கூட்டத்தில் தேர்வாய் பற்றிப் பேசினோம்? மனதைத் தொட்டுச் சொல்லுவோம். போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கூட்டம் போட்டோம், நியாயமே. புகைபோக்கியைப் பற்றிப் போட்ட கூட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிராமத்தானை ஆலையின் விரோதி என்று மானேஜர் சொன்னபோது நாமும் சும்மா இருந்தோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் படுத்து, மிக மோசமான உலையடியில் நிற்கும் தோழனை, நம் வேலையைப் பறிக்க வந்தவன் என்று சிலர் பேசியபோதும் அதட்டிக் கேட்கவில்லை. இந்தக் குறை நம்முடையது. இதில் எனக்கும் பங்கு உண்டு.

புகையால் மூடிய ஆலை இல்லையா?

உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் நின்றது. அது எங்கிருந்து வந்த ஆலை தெரியுமா? அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவந்தது. அங்கே வேலை போயிற்று. இங்கே விஷம் வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியானபோதுதான் குட்டு உடைந்தது. அதன்பின் அந்த ஆலைத் தொழிலாளர்கள் 15 ஆண்டு போராடினார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் சம்பந்தமாக இந்துஸ்தான் யூனிலிவர் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. தூத்துக்குடியில் நடந்தது நாடறியும். 2018 மே 22, 23 தேதிகளில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 13 பேர் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். அதன் பிறகே சர்க்கார் ஆலையை மூடியது.

இந்த ஆலைகள் மனுக் கொடுத்ததால் மூடினவா? மனுவை மதிக்காததால் மூடின! காலத்தில் கழிவை அடக்கு, காற்றைச் சுத்தம் செய் என்று ஆலைக்குள்ளிருந்து சங்கமும் வெளியிலிருந்து ஊரும் ஒரே குரலில் கேட்டு, முதலாளியும் அதற்குப் பணம் செலவழித்திருந்தால் ரத்தமும் சிந்தியிராது, வேலையும் போயிராது. வடிகட்டி ஓட்டினால் மின்சாரச் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடித்து, அதன் விலையை உலையடியில் நிற்பவன் நெஞ்சிலும் ஊர்க் குழந்தையின் நெஞ்சிலும் எழுதுகிறான் முதலாளி. “வேலையா, மூச்சா?” என்று கேட்டால் அவன் பணப்பை கணக்கிலேயே வராது. அதுதான் சூழ்ச்சி.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு ஆலைச் சங்கமும் கூலிக் கோரிக்கையோடு காற்று, நீர், தூசு பற்றிய கோரிக்கையையும் எழுத வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளியையும் வெளிமாநிலத் தொழிலாளியையும் சேர்த்தே நெஞ்சுப் பரிசோதனை கேட்க வேண்டும். ஆலைச் சங்கமும் பக்கத்துக் கிராம விவசாயத் தொழிலாளர் சங்கமும் மீனவர் கிராமமும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கிராம சபையில் ஆலைத் தொழிலாளி போய்ப் பேச வேண்டும். வாயிற் கூட்டத்தில் கிராமத்தான் வந்து பேச வேண்டும். கம்பெனி போவதானால் முதலில் கிராஜுவிடி, நிலுவைச் சம்பளம்; பிறகு நிலத்தைச் சுத்தம் செய்வது; அதன்பிறகே இயந்திரம் லாரியில் ஏறலாம்.

இன்னொன்று. சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தேதியில் எந்த ஷிப்டில் வாயு கசிந்தது, யார் மயங்கி விழுந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நிரூபணம் எங்கே என்று நாளை கோர்ட்டில் கேட்பான். சிகாகோவில் வாலியும் ஊர் ஜனங்களும் சேர்ந்து பழைய கடிதம், போட்டோ, சங்கச் சீட்டு எல்லாவற்றையும் இன்று திரட்டி வைக்கிறார்கள். நாம் அன்றன்றைக்கே சேர்த்து வைப்போம்.

வாயிலில் கேட்ட வாலிபத் தோழரே! உம் பிள்ளைகளுக்குச் சோறு நான் போட முடியாது. நீர் மௌனமாக இருந்தால் முதலாளியும் போடமாட்டான். உலையடியில் நிற்கும் முந்நூறு பேரும் ஊருக்குள் இருமும் மூவாயிரம் பேரும் ஒன்றாகக் கேட்டால் வேலையும் நிற்கும், மூச்சும் நிற்காது. அடுத்த வாரம் அதே வாயிலுக்கு அதே மனுவோடு வருகிறேன். பதினொன்றாவது கையெழுத்துக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது.